பாலத்துச் சாவடியில் தாய்ச்சி நடை

கையை மெதுவாக ஆட்டிய குற்றத்துக்காக ஒரு மனிதனைச் சுற்றி நின்று திட்டிய ஊர், எனக்குத் தெரிந்து, பேசாலை ஒன்றுதான். திட்டு வாங்கியவன் நான். அதற்கு முன் நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். என் அக்கா திரேசம்மாவை இளவயதிலேயே அம்மாவின் ஊரான பேசாலையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கும் மீன்பிடி ஊர் அது. அத்தான் கடலுக்குப் போய்வந்தவர், இப்போது இல்லை. அக்காவுக்கு ஒரே மகன் சேவியர். பாலம் தாண்டி, பெருநிலத்தில் இருக்கும் முருங்கனில் பள்ளிக்கூட வாத்தியார். அவன்தான் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, எனக்கு முருங்கன்ல கலியாணம் சரிவந்திருக்கு. அம்மா வரமாட்டன் எண்டு நிக்கிறா. ஏன் எண்டு கேட்டா வாய் திறக்கிறா இல்லை. பொம்பிளை வீட்டார் மலைநாட்டில இருந்து வந்து குடியேறின சனம், வயல்ல கூலிவேலை செய்யிறவை. அம்மாவுக்கு அது இளக்காரம் போல. பெத்த தாய் வராத கலியாணத்துக்குப் பிள்ளையைத் தரமாட்டன் எண்டு பொம்பிளையின்ர தாய், மாமி, சொல்லிப்போட்டா. நீங்கள் வந்து கதைச்சாத்தான் சரி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் பெற்ற மகளுக்குக் கூலிக்காரர் என்றால் இளக்காரமா? திட்ட வேண்டியதையெல்லாம் விமானத்திலேயே யோசித்து வைத்துக்கொண்டேன்.

போர் நிறுத்தம் வந்திருந்த காலம். அதனால் கொழும்பிலிருந்து மன்னாருக்குப் பேருந்து ஓடியது. ஓடியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஓட்டுநர் ஒரு கையால் வெற்றிலை மடித்துக்கொண்டே எதிரே வந்த லாரியை ஒதுக்கினார். நான் என் இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலித்துப்போனேன். மதவாச்சிக்கு அப்பால் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி மர நிழலில் உட்கார்ந்து, ஏதோ திட்டமிட்ட நிகழ்ச்சி போல, பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்த சிங்கள மூதாட்டி தன் பாற்சோற்றில் ஒரு துண்டை எனக்கு நீட்டினார். நடத்துநர் என்னைக் காட்டி அவரிடம் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டபோது ஒருவர் தமிழில் சொன்னார்: "ஐயாதான் முன்சீட்டில இருந்து முழுத்தூரமும் பஸ் ஓட்டினவர், களைச்சுப்போனார் எண்டு சொல்லுறான்."

தீவுக்குள் போவதற்கு முன் கடலைக் குறுக்கே வெட்டிப் போகும் பாதையும் பாலமும் இருக்கின்றன. அதற்கு முன்பே சோதனைச்சாவடி. அங்கே ஒரு வழக்கம். பேருந்தில் இருக்கும் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். பேருந்து காலியாக அந்தப் பக்கம் போய் நிற்கும். சனம் கம்பி வேலிகளுக்கு நடுவே வரிசையாக நடந்து, அடையாள அட்டை காட்டி, பையைப் பிரித்துக் காட்டி, மீண்டும் கட்டி, மறுபடியும் ஏற வேண்டும். பிந்தினால் இருக்கை இல்லை. மிகவும் பிந்தினால் பேருந்தே இல்லை. அதனால் கதவு திறந்ததும் எல்லாரும் ஓடுகிறார்கள். கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும்கூட ஓடுகிறார்கள். ஆளில்லாத பேருந்து எங்களைக் கடந்து போனதைப் பார்த்தபோது, ஓட்டியது நானில்லை என்றாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

மன்னார் நகரத்தில் கழுதைகள் நடுத்தெருவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தன. ஓட்டுநர் ஒலியெழுப்பாமல் அவற்றுக்காகக் காத்திருந்தார். மனிதருக்குக் காட்டாத பொறுமை. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே கதிரையில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் நீட்டினாள். "வாடா தம்பி. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு உனக்கு." புட்டும் சொதியும் பாரைமீன் பொரியலும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. அக்கா சமைக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சாப்பிட்டு முடித்த கையோடு திட்ட ஆரம்பித்தேன். அப்பாவின் மூட்டை, துறைமுகம், எல்லாவற்றையும் இழுத்தேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றாள். அவ்வளவுதான் பதில்.

மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். தாய்ச்சி செய்ய. அது என்ன என்று கேட்கிறவர்களுக்கு: சீனர்களுடைய உடற்பயிற்சி. தண்ணீருக்குள் நிற்கிறவன் அசைவது போல மெதுவாக, நிறுத்தாமல், மூச்சோடு சேர்த்துக் கையையும் காலையும் நகர்த்துவது. பேருந்து இருக்கையில் காலத்தைக் கழித்த என் இடுப்பு ஒருநாள் நிமிர மறுத்தபோது, என் அடுக்குமாடியில் கீழ்வீட்டு லிம் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பூங்காவில் நிறுத்தினார். முதல் மாதம் எனக்கு இது சோம்பேறிகளின் நடனமாகத்தான் தெரிந்தது. பிறகு வலி குறைந்தது. முழங்கால் சொன்னபடி கேட்டது. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தவன் அடித்துப்போட்டது போலத் தூங்கினேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். அதை விடச் சொல்கிற மடத்தனம் என்னிடம் இல்லை. ஆனால் பேருந்தில் ஏறும்போது கம்பியைப் பிடிக்காமல் ஏறுகிறேன். என் வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

தாய்ச்சியில் மேகக் கைகள் என்று ஓர் அசைவு உண்டு. இரண்டு கையையும் முகத்துக்கு நேராக மாறி மாறி வீசிக்கொண்டே பக்கவாட்டில் நகர வேண்டும். கடல் அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு வள்ளம். நான் கடலைப் பார்த்து நின்று, இடது பக்கமாக, மிக நிதானமாக மேகம் விட்டுக்கொண்டே போனேன்.

அந்த வள்ளம் கரைவலைக்காரருடையது. வலையின் ஒரு கயிறு கரையில் இருக்கும். மறு கயிற்றோடு வள்ளம் கடலில் வளைந்து போய் வலையை விடும். மீன் கூட்டம் எந்தப் பக்கம் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கரையில் நிற்கும் ஒருவர் கையை வீசிக் காட்டுவார். வள்ளத்தில் இருப்பவர்கள் அந்தக் கையை நம்பித்தான் திரும்புவார்கள். இதெல்லாம் அப்போது எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குக் கைகாட்டுகிறவர் சற்று ஒதுங்கப் போயிருந்த நேரத்தில், கரையில் ஒருவன் நின்று இடது பக்கம், இடது பக்கம் என்று விடாமல் வீசுகிறான். அவர்களும் இடது பக்கமாகவே போய் வலையை இறக்கிவிட்டார்கள். இழுத்தால் வலை நிறையச் சொறி, அதாவது ஜெல்லிமீன். தொட்டால் கையெல்லாம் அரிக்கும் கண்ணாடிக் கூழ். மருந்துக்கு ஒரு மீன் இல்லை.

"ஆரப்பா நீர்? உமக்கென்ன விசர் பிடிச்சுதே?" என்று முதலில் ஓடிவந்தவர் கேட்டார். பிறகு எல்லாரும் கேட்டார்கள். நான் விளக்கம் சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. "உடம்புக்கு நல்லதாம்! எங்கட கை அரிக்குது, உவருக்கு உடம்புக்கு நல்லதாம்!" என்று ஒருவர் சொறிந்துகொண்டே கத்தினார். என் பேச்சைக் கேட்டு, "இந்தியாக்காரன் போலக் கிடக்கு" என்றார் இன்னொருவர். வலைச் சொந்தக்காரர் அந்தோனிப்பிள்ளை சம்மாட்டியார் மட்டும் குரலை உயர்த்தவில்லை. "ஆரின்ர வீட்டுக்கு வந்தனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "நடவுங்கோ அங்க" என்றார்.

ஊரே பின்னால் வர, அக்கா வீட்டு வாசலில் வழக்கு நடந்தது. சத்தம் கேட்டு அக்கா எழுந்து வெளியே வந்தாள். நான் வந்த பிறகு அவள் நடந்து நான் பார்த்தது அப்போதுதான். முதலில் கதிரைக் கையைப் பிடித்தாள். பிறகு அலுமாரியின் விளிம்பு. பிறகு சுவர். பிறகு கதவு நிலை. பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை, தேய்த்துக்கொண்டே வந்தாள். கண் முழுக்கத் தரையில். சம்மாட்டியார் பேசியது எதுவும் அதன் பிறகு என் காதில் விழவில்லை.

பேருந்து ஓட்டுகிறவன் சாலையைப் பார்ப்பதற்குச் சமமாகக் கண்ணாடியில் பயணிகளைப் பார்க்கிறான். விழுந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருமுறை விழுந்தவர்கள் அடுத்த கம்பியைப் பிடிக்கும் வரை இந்தக் கம்பியை விடமாட்டார்கள். இப்படித்தான் தேய்த்து நடப்பார்கள். அப்படி நடப்பதாலேயே மறுபடி விழுவார்கள்.

வழக்கு முடிந்தது. மறுநாள் நான் வந்து வலை இழுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. எல்லாரும் போன பிறகு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எங்கே விழுந்தே?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டு வந்தது. "சாவடியில" என்றாள்.

பெண் பார்க்க முருங்கனுக்குப் போய் வந்த அன்று. மகனை அங்கேயே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தனியே திரும்பியிருக்கிறாள். பெண்ணைப் பிடித்துப்போன சந்தோஷம் மனசு நிறைய. சாவடியில் எல்லாரும் ஓட, இவளும் ஓடியிருக்கிறாள். பின்னால் வந்தவர்களின் மூட்டை இடித்துக் குப்புற விழுந்தாள். சனம் அவளைத் தாண்டி ஓடியது. "அதுகூடப் பரவாயில்லையடா. பயத்தில சீலை நனைஞ்சு போச்சு. அத்தனை சனத்துக்கும் முன்னால. ஒரு ஆமிப் பொடியன்தான் தூக்கி விட்டவன். சின்னப் பொடியன், என்ர பிள்ளையை விட இளசு. அவன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு தூக்கினவன். நான் இதை எப்பிடியடா என்ர மகனுக்குச் சொல்லுறது?"

எலும்பு முறியவில்லை. அன்றே ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து அவள் வேலியைத் தாண்டவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் மாதா கோயிலுக்குக்கூட இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு ஆள் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர்கள் நினைத்ததைத்தான் நானும் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அழுது முடித்து, "எழுந்திரு" என்றேன்.

"என்னத்துக்கு?"

"கலியாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு. சாவடியை நீ நடந்துதான் தாண்டப்போறே."

"உன்ர சீனக் கூத்தை நான் ஆடுறதோ? மாதாவே! சனம் கல்லெறியும்."

கொல்லையில், தென்னங்கிடுகு வேலிக்குள், ஒருவரும் பார்க்காத இடத்தில் ஆரம்பித்தோம். அவள் முன்னால் ஒரு கதிரை, பிடித்துக்கொள்ள. முதல் பாடம் கை அல்ல, கால். உடம்பின் பாரத்தை முழுவதும் ஒரு காலுக்கு மாற்ற வேண்டும். பாரம் போன பிறகு, மறு கால் சும்மா இருக்கும்போதுதான் அதைத் தூக்க வேண்டும். வைக்கும்போது குதிகால் முதலில். நிலம் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாரம். சனம் விழுவது பாரத்தையும் காலையும் ஒரே நேரத்தில் அவசரமாக நகர்த்துவதால் என்று லிம் சொல்வார். எனக்கு அது வண்டியில் கியர் மாற்றுவது போலப் புரிந்தது. அக்காவுக்கு அந்த உவமை உதவவில்லை.

"தலையை நூலில் தொங்கவிட்ட மாதிரி வைச்சுக்கோ, தரையைப் பார்க்காதே" என்றேன். லிம் அப்படித்தான் சொல்லித்தந்தார். அக்கா விழித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது. "ஓ! கடகம் வைச்ச மாதிரி எண்டு சொல்லன்." அத்தான் இருந்த காலத்தில் கருவாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றவள் அவள். கடகம் வைத்தவள் தரையைப் பார்ப்பதில்லை. கழுத்து நிமிர்ந்தது, தோள் இறங்கியது. லிம்மைக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும்.

நான் இடையில் தண்டனையையும் அனுபவித்தேன். கரைவலைக் கயிற்றைப் பின்னால் நடந்து நடந்து இழுப்பது மனிதர் செய்கிற வேலையா? ஆனால் பின்காலில் பாரத்தை இறக்கி இழுத்தால் இடுப்பு வலிக்கவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சம்மாட்டியார் கிட்டே வந்தார். "சிங்கப்பூரார், உந்த ஆட்டத்தில முழங்காலுக்கு ஏதும் கிடக்கோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். காட்டிக்கொடுத்தேன். மறுநாள் அவர் வள்ளத்தின் மறைவில் நின்று தனியாக மேகம் விடுவதைப் பார்த்தேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சில வாரப் பயிற்சியில் எலும்பும் தசையும் இரும்பாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு மாதக்கணக்கு வேண்டும். முதலில் இளகுவது பயம்தான். அக்கா கதிரையை விட்டாள். பிறகு சுவரை விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மெதுவாக நடந்துபோய் வந்தாள். வழியில் நின்று பார்த்தவர்களிடம், "என்ன பாக்கிறியள், மனுசர் நடந்து காணேல்லையே?" என்று வெடித்தாள். எனக்கு உயிர் வந்தது. தூக்கம் நன்றாக வருகிறது என்றாள், பசிக்கிறது என்றாள், சொதியில் புளி பத்தவில்லை என்று பக்கத்து வீட்டைக் குறை சொன்னாள்.

ஆனால் சாவடி என்றால் மட்டும் பேச்சை மாற்றுவாள். சேவியருக்கு நான் போனில் "வருவோம்" என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் குரலில் நம்பிக்கை இல்லை. "மாமி கோயில்ல கலியாண அறிவிப்புக்குப் பேர் வாசிக்கிறதையே நிப்பாட்டச் சொல்லி நிண்டவ, மாமா. அம்மா வராட்டி எல்லாம் முடிஞ்சுது."

கலியாணத்துக்கு முதல் நாள் காலை புறப்பட்டோம். பேருந்தில் அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். பாலம் வந்தது. கடல் இரண்டு பக்கமும் வெயிலில் மினுங்கியது, அவள் பார்க்கவில்லை. சாவடிக்கு முன் பேருந்து நின்றது. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். நாங்கள் கடைசியாக இறங்கினோம். காலியான பேருந்து எங்களைத் தாண்டிப் போனது.

"தம்பி, என்னைப் பிடிக்காதை" என்றாள். நான் பையை வாங்கிக்கொண்டு ஒரு கை தூரத்தில் நடந்தேன்.

அவள் முதல் அடி வைக்கவே நேரம் எடுத்தாள். பாரம் மாறியது. கால் எழுந்தது. குதிகால் பதிந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. பின்னால் இன்னொரு பேருந்துச் சனம் இறங்கி எங்களை இடித்துக்கொண்டு ஓடியது. ஒரு மூட்டை அவள் தோளில் பட்டது. அவள் ஆடினாள், ஆனால் பாரம் முழுவதும் ஒரு காலில் இருந்தது. அந்தக் கால் அசையவில்லை. ஆட்டம் நின்றதும் அடுத்த காலை எடுத்தாள். சிப்பாய் ஒருவன் சிங்களத்தில் சத்தம் போட்டான். சீக்கிரம் வரச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. அடையாள அட்டையைக் காட்டினாள், கைப்பையைப் பிரித்துக் காட்டினாள், கட்டினாள், நடந்தாள்.

கம்பி வேலி முடிகிற இடத்தில், பேருந்து நிற்கும் பக்கம், ஒல்லியான ஒரு பெண்மணி நின்றிருந்தார். கண்டாங்கிச் சேலை, வெயிலில் கறுத்த முகம். அக்கா நின்றுவிட்டாள். "சம்மந்தி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பெண்ணின் அம்மா. விடிகாலையிலேயே முருங்கனிலிருந்து வந்து, வந்து நிற்கிற ஒவ்வொரு பேருந்தையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"வரமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். குரல் இறுகியிருந்தது. "வரலைன்னா திரும்பிப்போய் எல்லாத்தையும் நிறுத்திடலாம்னுதான் வந்து நிக்கிறேன். எங்க வீட்டுல தண்ணி குடிச்சிட்டுப் போனவங்க, ஏன் அப்புறம் வாசல்ல கால் வைக்கல? எங்களைப் பார்த்து என்ன கொறை கண்டீங்க?"

பேருந்தின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சனம் ஏறிவிட்டது. நடத்துநர் எங்களைப் பார்த்துத் தகரத்தைத் தட்டினான். அக்கா என்னைப் பார்த்தாள். மகனுக்கே சொல்லாததை அவள் இங்கே சொல்லப்போகிறாள் என்று நான் நினைக்கவில்லை.

"உங்களில ஒரு குறையும் காணேல்லை" என்றாள். "உங்கட வீட்டில இருந்து வரேக்க, இந்தா, இந்த இடத்தில விழுந்தனான். எல்லாருக்கும் முன்னால சீலை நனைஞ்சு போச்சு. அதுக்குப் பிறகு நான் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. மகனுக்கும் சொல்லேல்லை. திருப்பியும் விழுந்திடுவன் எண்டு பயம். வேறை ஒண்டுமில்லை."

அந்தப் பெண்மணி ஓரடி முன்னால் வந்தார். பிறகு இரண்டு கையாலும் அக்காவின் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "அடி ஆத்தாடி! இதுக்கா? இதுக்கா இத்தனை நாளா என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டீங்க? சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே சம்மந்தி!" இரண்டு பேரும் அந்த வெயிலில் நின்று அழுதார்கள்.

ஓட்டுநர் கியரை மாற்றிய சத்தம் கேட்டது. இந்தச் சத்தத்தை என் காதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பையைப் போட்டுவிட்டு ஓடினேன். இடுப்பு, முழங்கால், ஒன்றும் நினைவில் இல்லை. பேருந்துக்கு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவே நின்றேன். ஓட்டுநர் ஒலியெழுப்பினார். என் வாழ்க்கையில் எத்தனை பயணிகளைப் பின்கண்ணாடியில் ஓடவிட்டுப் போயிருக்கிறேனோ தெரியாது. அன்றைக்கு நான் நகரவில்லை. ஒரு காலில் முழுப் பாரத்தையும் இறக்கிக்கொண்டு நின்றேன்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "என்ன ஐயா, ஏன் மறிக்கிறியள்?" என்று கத்தினார். நான் கையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். கம்பி வேலியோரமாக இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சம்மந்தி நான் போட்ட பையைத் தலையில் தூக்கி வைத்திருந்தார். அக்காவின் தலையில் ஒன்றும் இல்லை, ஆனால் அவளும் அப்படியேதான் நடந்தாள். "மெதுவா வாங்க, மெதுவா வாங்க, பஸ்ஸு நிக்கும்" என்று சம்மந்தி சொல்லிக்கொண்டே, அவளுடைய அடிக்குத் தன் அடியைப் பொருத்திக்கொண்டு வந்தார்.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.